போர்ஷே கரேரா ஜிடி: மொத்தம் எத்தனை கார்கள், எந்த நாட்டில் என்ன விலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்ஷே நிறுவனம் ஜெர்மனியின் லைப்சிக் ஆலையில் 2003 முதல் 2006 வரை தயாரித்த இரண்டு இருக்கைக் கார் கரேரா ஜிடி. 5.7 லிட்டர் வி10 இன்ஜின், 612 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல், கார்பன் ஃபைபர் உடற்கூடு, மணிக்கு 330 கி.மீ. வேகம். லே மான்ஸ் பந்தயத்துக்காகத் தொடங்கிப் பாதியில் கைவிட்ட ஒரு வண்டியின் இன்ஜின்தான் இதற்கு வேர். 2000 செப்டம்பரில் பாரிஸில் மாதிரி வண்டியைக் காட்டினார்கள். விற்பனைக்கான கார் 2003 ஜெனீவா கண்காட்சியில் வந்தது.

இந்தக் காரைப் பற்றிப் புழங்கும் எண்களில் பாதி, எதை எண்ணியது, எந்த வரியோடு சொன்னது என்ற விவரம் இல்லாமல் கைமாறுகின்றன. அதனால் இங்கே ஒவ்வொரு எண்ணையும் அதன் கணக்கோடு சேர்த்துத் தருகிறோம். விலைகள் அந்தந்த நாட்டு நாணயத்தில்தான் இருக்கும். இருபது ஆண்டு பழைய விலையை இன்றைய ரூபாய்க்கு மாற்றினால் கிடைக்கும் தொகைக்குப் பொருளே இல்லை.

மொத்தம் எத்தனை கார்கள் தயாரித்தார்கள்?

1,270. கடைசிக் கார் 2006 மே மாதத்தில் முடிந்தது. கண்காட்சிக்கான மாதிரி வண்டிகள், சோதனை ஓட்ட வண்டிகள் இதில் சேராது. விற்பனைக்கென்று சேஸிஸ் நம்பர் பெற்று வெளியே போனவை மட்டுமே இந்தக் கணக்கு.

பல இடங்களில் 1,500 என்று இருக்கிறதே?

அது திட்டம். கார் அறிமுகமானபோது 1,500 வண்டிகள் செய்வோம் என்றுதான் போர்ஷே அறிவித்தது. 2005 ஆகஸ்டில், அந்த எண்ணிக்கையை எட்டாமலேயே உற்பத்தியை நிறுத்தப் போவதாகச் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் மாறிவந்த காற்றுப்பை விதிகளைக் காரணமாகக் காட்டியது.

அந்த விதி என்ன என்று தெரிந்தால்தான் இது விளங்கும். உட்காருபவரின் எடை, இருக்கும் நிலை ஆகியவற்றைப் பார்த்து, விரியும் வேகத்தைக் குறைக்கவோ விரியாமலே இருக்கவோ தெரிந்த காற்றுப்பை வேண்டும் என்று அமெரிக்க அரசு கேட்டது. 2003 செப்டம்பரில் படிப்படியாகத் தொடங்கிய விதி, 2006 செப்டம்பரில் எல்லாப் புதிய கார்களுக்கும் முழுக் கட்டாயமானது. கரேரா ஜிடிக்கு அப்படிப்பட்ட காற்றுப்பையைப் பொருத்த வேண்டுமானால் இருக்கை, டாஷ்போர்டு, உணரிகள் எல்லாவற்றையும் மாற்றிப் புதிதாக மோதல் சோதனை நடத்த வேண்டும். மிச்சமிருந்த 230 வண்டிகளுக்காக அந்தச் செலவு கட்டுப்படியாகாது. வாங்குபவர்களில் பாதிப் பேர் அமெரிக்கர்கள் என்பதால், அந்தச் சந்தையை விட்டுவிட்டு மற்ற நாடுகளுக்கு மட்டும் தொடர்ந்து செய்வதும் சரிப்படாது.

விதி ஒரு பக்கம் இருக்க, தேவையும் குறைந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2005 வாக்கில் அமெரிக்க ஷோரூம்கள் சிலவற்றில் விற்காத கார்கள் நின்றன. பட்டியல் விலைக்குக் கீழேயும் கொடுத்தார்கள். 1,500 என்பது இந்த விலைக்குப் பெரிய எண்ணிக்கை. அதே காலத்து ஃபெராரி என்ஸோ 400 மட்டுமே.

நாடு வாரியாக எத்தனை போயின?

அமெரிக்காவுக்கு 644, கனடாவுக்கு 31, பிரிட்டனுக்கு 49. இந்த மூன்றையும் கழித்தால் மீதி 546. ஜெர்மனி, மற்ற ஐரோப்பிய நாடுகள், மத்தியக் கிழக்கு, ஜப்பான் எல்லாம் அதற்குள் அடக்கம். அமெரிக்காவின் பங்கு 50.7 சதவீதம், அதாவது இரண்டுக்கு ஒரு கார்.

அமெரிக்க எண்ணிக்கை 604 என்றும் 489 என்றும் படித்தோம். எது சரி?

644ஐ எடுத்துக்கொள்ளுங்கள், பெரிய ஏல நிறுவனங்களின் பட்டியல்கள் இதைத்தான் தருகின்றன. 604 பல பழைய கட்டுரைகளில் இருக்கிறது. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதில் அது நிலைத்துவிட்டது.

489 முற்றிலும் வேறு சங்கதி. 2023இல் சஸ்பென்ஷன் கோளாறுக்காக அமெரிக்காவில் கரேரா ஜிடியைத் திரும்ப அழைத்தபோது அந்த அறிவிப்பில் இருந்த கார்களின் எண்ணிக்கை அது. இருபது ஆண்டுகளில் சில கார்கள் மோதி அழிந்தன, சில வேறு நாடுகளுக்குப் போயின. 489ஐ உற்பத்தி எண்ணாக எழுதி "அமெரிக்காவுக்கு வந்ததே இவ்வளவுதான்" என்று விலையை ஏற்றும் விளம்பரத்தைப் பார்த்தால் ஒதுங்கிவிடுங்கள்.

ஜெர்மனியில் புதுக் காரின் விலை என்ன?

4,52,690 யூரோ. இதில் வாட் வரி அடக்கம். அன்றைக்கு ஜெர்மனியில் வாட் 16 சதவீதம் (19 ஆனது 2007 ஜனவரியில், அதற்குள் உற்பத்தி முடிந்துவிட்டது). வரியைக் கழித்தால் வருவது துல்லியமாக 3,90,250 யூரோ. இந்தப் பக்கத்தில் எல்லா நாட்டு ஒப்பீட்டுக்கும் இதுதான் அடிப்படை எண். குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் 4,40,000 டாலர். ஜெர்மனியைவிட அங்கே மலிவா?

முதலில் சமமாக இருந்தது; பிறகு மலிவானது. கணக்கு இப்படி.

அமெரிக்கப் பட்டியல் விலையில் விற்பனை வரி சேராது. நம் ஊர் மொழியில் சொன்னால் அது எக்ஸ்-ஷோரூம் விலை. ஜெர்மன் பட்டியல் விலையோ வாட் சேர்ந்தது. ஆகவே 4,40,000 டாலரை 4,52,690 யூரோவோடு ஒப்பிடக் கூடாது, 3,90,250 யூரோவோடு ஒப்பிட வேண்டும். 4,40,000ஐ 3,90,250ஆல் வகுத்தால் 1.1275 வருகிறது. ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 1.13 டாலர். 2003இல் யூரோ நடமாடிய விலைகளுக்குள் அடங்கும் எண் இது. அதாவது, வரிக்கு முந்தைய விலை இரு நாட்டிலும் ஒன்றுதான்.

அதன்பின் டாலர் சரிந்தது. 2004 ஜனவரியில் யூரோ 1.26 டாலர் பக்கம். அப்போது 4,40,000 டாலரின் மதிப்பு சுமார் 3,49,000 யூரோ. 2004 டிசம்பர் கடைசியில் 1.36, மதிப்பு 3,23,500 யூரோ. பட்டியல் விலையை மாற்றாமலேயே ஒரு காருக்கு 66,000 யூரோவுக்கு மேல் இறங்கிவிட்டது, 17 சதவீதம். டாலர் வருவாயை முன்கூட்டியே நாணய ஒப்பந்தங்களால் காத்துவைக்கும் வழக்கம் போர்ஷேயிடம் அந்த ஆண்டுகளில் உறுதியாக இருந்ததால் அடி முழுவதும் அதன்மேல் விழவில்லை. அமெரிக்க வாடிக்கையாளருக்கு விலை அசையாமல் நின்றதற்கு இது பெரிய துணை.

அமெரிக்காவில் வண்டி கைக்கு வரும்போது மொத்தம் எவ்வளவு ஆனது?

4,40,000க்கு மேல் நான்கு விஷயங்கள் சேரும்: கப்பலும் லாரியும் சேர்ந்த கூலி, எரிபொருளை அதிகம் குடிக்கும் கார்களுக்கான மத்திய வரி, மாநில விற்பனை வரி, பதிவுக் கட்டணம்.

எரிபொருள் வரி, கேலனுக்கு 22.5 மைலுக்குக் குறைவாக ஓடும் கார்களுக்கு 1,000 டாலரில் தொடங்கி 12.5 மைலுக்குக் கீழே போனால் 7,700 டாலர் வரை உயரும். கார் தயாரிப்பாளர் கட்டி, விலைச்சீட்டில் தனி வரியாகக் காட்டுவார். பழைய அசல் விலைச்சீட்டு கிடைத்தால் அந்த வரியைத் தேடிப் பாருங்கள். அது இல்லாத சீட்டு நகலாக இருக்கலாம்.

மாநில வரிதான் பெரிய தொகை. கலிஃபோர்னியாவில் அன்றைய அடிப்படை விகிதம் 7.25 சதவீதம்; 4,40,000க்கு 31,900 டாலர், உள்ளூர் வரி தனி. ஓரிகன், மான்டனா மாநிலங்களில் விற்பனை வரியே கிடையாது. மான்டனாவில் ஒரு சிறு நிறுவனத்தைப் பதிந்து அதன் பெயரில் காரை வாங்குவது இந்த வகைக் கார்களில் சகஜம். அதனால் மான்டனா பதிவு இருப்பதால் மட்டும் காரைச் சந்தேகப்பட வேண்டாம். ஆனால் விற்பவரின் சொந்த மாநிலம் பின்னால் வரி கேட்டு வந்திருக்கிறதா, உரிமைப் பத்திரத்தில் ஏதேனும் தடை விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு வரியில் மட்டும் வாங்கியவர்களுக்கு நல்ல காலம். விலையுயர்ந்த கார்களுக்கான மத்திய ஆடம்பர வரி 2002 டிசம்பர் 31ஆம் தேதியோடு காலாவதியானது. கடைசி ஆண்டில் 40,000 டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு 3 சதவீதம். அது நீடித்திருந்தால் ஒரு கரேரா ஜிடிக்குக் கூடுதலாக 12,000 டாலர்.

ஐரோப்பாவுக்குள் வாட் குறைந்த நாட்டில் வாங்கியிருந்தால் லாபமா?

இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் புதுக் காருக்கு மட்டும் தனி விதி: எந்த நாட்டில் வாங்கினாலும், எந்த நாட்டில் பதிகிறோமோ அங்கேதான் வாட் கட்ட வேண்டும். "புதுக் கார்" என்றால் முதல் பதிவிலிருந்து ஆறு மாதத்துக்குள், அல்லது 6,000 கி.மீ.க்குள் ஓடியது. இரண்டில் ஒன்று பொருந்தினாலும் புதுசுதான். லக்சம்பர்க்கில் அன்று வாட் 15 சதவீதம், அந்தக் கணக்கில் 4,48,788 யூரோ. ஆனால் லக்சம்பர்க்கில் பதிபவருக்கு மட்டுமே அந்த விலை.

வாட்டைவிடப் பதிவு வரிதான் நாட்டுக்கு நாடு அடிக்கும். டென்மார்க்கை எடுத்துக்கொள்வோம். வாட் 25 சதவீதம் சேர்ந்ததும் 4,87,812 யூரோ. அதன்மேல் அன்றைய பதிவு வரி: முதல் சிறு தொகைக்கு 105 சதவீதம், மிச்சத்துக்கெல்லாம் 180 சதவீதம். 3,90,250 யூரோ கார் 13,50,000 யூரோ பக்கம் போய் நிற்கும். இப்படிப்பட்ட நாடுகளில் தயாரிப்பாளர்கள் அடிப்படை விலையைக் கொஞ்சம் இறக்குவது உண்டு, என்றாலும் இறுதித் தொகையின் அளவு புரியும். டென்மார்க்கில் புதிதாகப் பதிந்த கார் அபூர்வமாக இருப்பதன் காரணமும் இதுதான்.

612 குதிரைத்திறன் என்கிறீர்கள், அமெரிக்கப் புத்தகத்தில் 605 இருக்கிறது. அங்கே இன்ஜினைக் குறைத்தார்களா?

இல்லை, அதே இன்ஜின்தான். ஜெர்மன் குதிரைத்திறனும் அமெரிக்கக் குதிரைத்திறனும் வேறு அலகுகள், அளக்கும் முறையும் வேறு. இரண்டும் ஏறக்குறைய 450 கிலோவாட்டைத்தான் சொல்கின்றன.

அப்படியானால் அமெரிக்கக் காருக்கும் ஐரோப்பியக் காருக்கும் என்ன வித்தியாசம்?

கண்ணுக்குத் தெரிவது ஓரத்தில் உள்ள விளக்குகள். அமெரிக்க விதிப்படி முன் பக்கவாட்டில் ஆரஞ்சு, பின் பக்கவாட்டில் சிவப்பு அடையாள விளக்கு வேண்டும். வேகமானி மைலில் இருக்கும். மற்றபடி இரண்டு வகையும் இடப்பக்க ஸ்டியரிங்தான். வலப்பக்க ஸ்டியரிங் கரேரா ஜிடி தயாரிக்கவே இல்லை. பிரிட்டனின் 49 கார்களும் இடப்பக்கம்தான். "அபூர்வ வலப்பக்க வண்டி" என்று யாராவது காட்டினால் அது தொழிற்சாலையிலிருந்து வந்ததல்ல.

எந்தச் சந்தைக்கான கார் என்று சேஸிஸ் நம்பரிலிருந்து கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். பதினேழு இலக்கத்தை இடமிருந்து வலமாகப் படியுங்கள்.

முதல் மூன்று, டபிள்யூ–பி–பூஜ்யம்: போர்ஷே. அடுத்த மூன்றில் இசட்–இசட்–இசட் இருந்தால் ஐரோப்பா உள்ளிட்ட பிற நாடுகளுக்கானது. சி–ஏ–2 இருந்தால் வட அமெரிக்காவுக்கானது. ஏழாவதும் எட்டாவதும் 98. ஒன்பதாவது இலக்கம் அமெரிக்கக் காரில் சரிபார்ப்பு இலக்கம். பிற நாட்டுக் காரில் அதுவும் இசட். பத்தாவது மாடல் ஆண்டு: 4 என்றால் 2004, 5 என்றால் 2005. பதினொன்றாவது எல், லைப்சிக். பன்னிரண்டாவது பூஜ்யம், முன்னே வந்த 98ஓடு சேர்த்தால் 980, காரின் உள்வகை எண். கடைசி ஐந்தும் வரிசை எண்.

ஒன்பதாவது இலக்கத்தைச் சரிபார்க்கும் கணிப்பான்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அமெரிக்கக் கார் என்று சொல்லி அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை என்றால், ஒன்று நம்பரைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள், இல்லையென்றால் அதைவிட மோசம். பிற நாட்டுக் காருக்கு இந்தச் சோதனை செல்லாது.

காருக்குள்ளே வரிசை எண் பொறித்த தகடு இருக்கிறதே, ஆதாரத்துக்கு அது போதாதா?

போதாது. தகடு கழற்றி மாட்டக்கூடிய ஒரு பாகம். ஆதாரம் வேண்டுமானால் சேஸிஸ் நம்பர், அதற்குப் போர்ஷே தரும் உற்பத்திச் சான்று, பராமரிப்புப் புத்தகத்தின் முத்திரைகள், இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

நிறத்தால் விலை மாறுமா?

மாறும், அதுவும் நிறைய. வழக்கமான நிறங்கள் ஐந்து: ஜிடி சில்வர், சீல் கிரே, பஸால்ட் பிளாக், கார்ட்ஸ் ரெட், ஃபாயன்ஸ் யெல்லோ. இவற்றில் வெள்ளிதான் அதிகம். வாடிக்கையாளர் தனியாகக் கேட்டு அடித்த நிறங்களுக்கு இன்று மிகப் பெரிய கூடுதல் விலை. அதனால்தான் மறுபெயின்ட் வேலையும் நடக்கிறது. உற்பத்திச் சான்றில் உள்ள நிறக் குறியீட்டைப் பார்க்காமல் சிறப்பு நிறத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். பெயின்ட் தடிமன் அளக்கும் சாதாரணக் கருவி கார்பன் உடலில் வேலை செய்யாது. உலோகத் தகட்டுக்கு மட்டும் ஆனது அது. மீயொலிக் கருவியோடு வரும் ஆளைக் கேளுங்கள்.

இன்று அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனால் என்ன வரி?

ஜெர்மனிக்கு என்று வைத்துக்கொண்டால், கப்பல் செலவும் காப்பீடும் சேர்ந்த மதிப்புக்குச் சுங்கம் 10 சதவீதம், அந்தக் கூட்டுத்தொகைக்கு இறக்குமதி வாட் 19 சதவீதம். 10,00,000 யூரோ காருக்குச் சுங்கம் 1,00,000. 11,00,000க்கு வாட் 2,09,000. ஆக மொத்தம் 13,09,000. இதைப் பத்தும் பத்தொன்பதும் இருபத்தொன்பது என்று கூட்டிவிட்டு, பிறகு 19,000 யூரோ இடிக்கிறதே என்று தவிப்பவர்கள் உண்டு. வரிக்கு மேல் வரி விழுகிறது, சேர்ந்து 30.9 சதவீதம். பிரிட்டனுக்கு 10, அதன்மேல் 20; சேர்ந்து 32.

"லைப்சிக்கில் பிறந்த கார்தானே, தாய்வீட்டுக்குத் திரும்பும்போது சுங்கம் எதற்கு" என்று கேட்பார்கள். திரும்பி வரும் பொருளுக்கான விலக்கு, ஏற்றுமதி ஆன மூன்று ஆண்டுக்குள் திரும்பினால்தான். 2004இல் போனதற்கு இன்று பொருந்தாது. சேகரிப்புப் பொருள் என்ற பெயரில் குறைந்த வரி கேட்கவும் குறைந்தது 30 வயது ஆகியிருக்க வேண்டும். முதல் கரேரா ஜிடிக்கு அந்த வயது 2033இல்தான் வரும்.

ஐரோப்பியக் காரை அமெரிக்காவுக்குக் கொண்டுவரலாமா?

அமெரிக்கப் பாதுகாப்பு விதிப்படி கட்டாத காரை, தயாரித்து 25 ஆண்டு ஆனபின்தான் தடையில்லாமல் இறக்கலாம். கணக்கு தயாரித்த மாதத்திலிருந்து. மாடல் ஆண்டிலிருந்து இல்லை. 2003 கடைசியில் கட்டியது 2028 கடைசியில். 2006 மே மாதத்தில் கட்டியது 2031 மே மாதத்தில். அதுவரை 644 கார்கள் அங்கே தனிச் சந்தையாகத்தான் இருக்கும். இரு கரைகளிலும் விலை வேறுபடுவதற்கு இது ஒரு காரணம். இறக்குமதிச் சுங்கம் அண்மையில் பலமுறை மாறியிருப்பதால் கப்பலில் ஏற்றும் வாரத்தில் உள்ள விகிதத்தைச் சுங்க முகவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

இந்தியாவுக்கு?

பழைய கார் இறக்குமதிக்கு மூன்று வயதுக்குள் இருக்க வேண்டும், வலப்பக்க ஸ்டியரிங் இருக்க வேண்டும். இரண்டிலும் இந்தக் கார் தோற்கிறது.

விலை இத்தனை ஆண்டில் எப்படிப் போனது?

2009 பொருளாதார நெருக்கடியில் அமெரிக்காவில் 3,00,000 டாலர் பக்கம் இறங்கியது. பிறகு மெல்ல ஏறி, 2022 தொடக்கத்தில் மிகக் குறைவாக ஓடிய கார்கள் 20,00,000 டாலரை ஒட்டிப் போயின. எல்லாக் காருக்கும் அந்த விலை என்று நினைக்க வேண்டாம். 500 கி.மீ. ஓடியதற்கும் 40,000 கி.மீ. ஓடியதற்கும் இடையே பல லட்சம் டாலர் வித்தியாசம் உண்டு. கையால் கியர் போடும், இயல்பாகக் காற்றிழுக்கும் வி10 இன்ஜினை இனி யாரும் செய்யப் போவதில்லை என்ற எண்ணம் இந்த ஏற்றத்துக்குப் பெரிய உந்துதல்.

2023இல் "ஓட்டாதீர்கள்" என்று அறிவித்தார்களே, அது என்ன?

சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கைகளின் முனையில் உருண்டை மூட்டுகள் இருக்கின்றன. ரப்பர் புஷ் இல்லாமல், பந்தயக் காரில் போல உலோகத்தோடு உலோகம் சேரும் மூட்டு. சாலையில் தூவும் உப்பு போன்ற குளோரைடு படிந்து, கூடவே சுமையும் விழும்போது அந்த உலோகத்தில் நுண்விரிசல் ஓடுகிறது. மேலே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே உடையலாம். உடைந்தால் சக்கரம் நிலைதவறும். அதனால் பழுதுபார்க்கும்வரை ஓட்டவே வேண்டாம் என்று உரிமையாளர்களுக்குச் சொன்னார்கள்.

வாங்கும் முன் கேட்க வேண்டியது ஒன்றே: இந்த வேலை எந்தத் தேதியில், எந்த அங்கீகரிக்கப்பட்ட பட்டறையில், எந்தச் சேஸிஸ் நம்பருக்கு முடிந்தது? தாள் இல்லையென்றால் சோதனை ஓட்டமும் வேண்டாம். வண்டியை லாரியில் ஏற்றித்தான் நகர்த்த வேண்டும்.

நேரில் பார்க்கும்போது வேறு எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

*கிளட்ச்.* இதன் செராமிக் கிளட்ச் 169 மி.மீ. விட்டம்தான், ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. எடை 3.5 கிலோ. சாதாரணக் காரில் வருவதுபோல ஆக்ஸிலேட்டரைக் கொடுத்துக்கொண்டே கிளட்சை நழுவவிட்டால் சூடேறி வேகமாகத் தேயும். சரியான முறை: முதல் கியர் போட்டு, வலக்காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டு, இடக்காலை மட்டும் மெல்ல மேலே விடுங்கள். இன்ஜின் கம்ப்யூட்டர் தானே தேவையான விசையைக் கூட்டிக் காரை நகர்த்தும். சக்கரம் உருண்டு, கிளட்ச் முழுதாகப் பிடித்த பிறகே ஆக்ஸிலேட்டர். விற்பவர் கிளம்பும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய கால்களைக் கவனியுங்கள். அந்தக் கிளட்ச் எப்படி வாழ்ந்தது என்று தெரிந்துவிடும். மாற்ற வேண்டுமானால் கியர்பெட்டியைக் கழற்ற வேண்டும், செலவு பெரிது. தேய்மான அளவீட்டை எண்ணாக எழுதி வாங்குங்கள். "நன்றாக இருக்கிறது" என்ற சொல் அளவீடு ஆகாது.

*பிரேக்.* 380 மி.மீ. செராமிக் டிஸ்க். இரும்பு டிஸ்க் போல மெலிவதைப் பார்த்துக் கணிக்க முடியாது. மிகுந்த சூட்டில் உள்ளிருக்கும் கார்பன் எரிந்து எடை குறையும். குறைந்தபட்ச எடை டிஸ்க்கின் நடுப்பகுதியில் பொறித்திருக்கும். கழற்றித் தராசில் வைத்தால்தான் உண்மை தெரியும். டிஸ்க் ஓரத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வீலைக் கழற்றும்போது கை தவறி இடிப்பதால் வருவது அது.

*வீல்.* மக்னீசியம் வீல், நடுவில் ஒரே ஒரு நட்டு. இடப்பக்க நட்டு சிவப்பு, வலப்பக்க நட்டு நீலம். மாற்றிப் போடக் கூடாது. மக்னீசியம் ஈரத்தில் அரிக்கும். பெயின்ட் பெயர்ந்த இடத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது.

*டயர்.* முன்னால் 265/35, 19 அங்குலம். பின்னால் 335/30, 20 அங்குலம். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2418 என்றால் 2018ஆம் ஆண்டின் 24ஆம் வாரம். குறைவாக ஓடிய காரில் டயர் பூ முழுதாக இருக்கும், ரப்பர் மட்டும் கல்லாகியிருக்கும். இந்தக் காரில் வழுக்கலை அடக்கும் இலத்திரனியல் நிலைநிறுத்தி கிடையாது; ஏபிஎஸ்ஸும் டிராக்ஷன் கன்ட்ரோலும் மட்டுமே. 2013 நவம்பர் 30 அன்று நடிகர் பால் வாக்கரும் அவர் நண்பரும் இறந்த விபத்தில், அளவுமீறிய வேகத்தோடு ஒன்பது வயது டயரையும் விசாரணை அதிகாரிகள் குறிப்பிட்டார்கள். ஆறு வயது தாண்டிய டயரோடு இந்தக் காரை ஓட்டவே கூடாது என்பது எங்கள் கருத்து.

புது டயரால் என்ன மாறும் என்பதற்கு அளவுகோலே இருக்கிறது. 2004இல் ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் பந்தயத்தடத்தில் ஒரு சுற்றை ஓட்டுநர் வால்டர் ரோல் 7 நிமிடம் 28.71 விநாடியில் முடித்தார். இதற்காகவே வடிவமைத்த புதிய மிஷலின் டயரோடு 2024இல் யோர்க் பெர்க்மைஸ்டர் எடுத்துக்கொண்டது 7 நிமிடம் 12.69 விநாடி. இருபது ஆண்டு பழைய காரில் பதினாறு விநாடி.

*அடிப்பகுதி.* காரை உயர்த்தி, கீழ்த்தட்டைக் கழற்றி, உடற்கூட்டின் கார்பனை விளக்கடித்துப் பாருங்கள். தவறான இடத்தில் ஜாக் வைத்தால் இழை நசுங்கி வெண்கோடாகத் தெரியும். முன்பக்கத்தை உயர்த்தும் வசதி இந்தக் காரில் இல்லாததால் வேகத்தடையில் கீழ் உதடு உரசுவது சகஜம். அது சின்ன விஷயம். உடற்கூட்டில் வெண்கோடு பெரிய விஷயம்.

காரோடு வர வேண்டிய சாமான்கள் எவை?

கார்பன் கூரைப் பலகைகள் இரண்டு (ஒவ்வொன்றும் சுமார் 2.4 கிலோ, முன் டிக்கியில் அடங்கும்), தோல் பைகள் ஐந்து, பேட்டரி சார்ஜர், கருவிப் பெட்டி, கார் உறை, பராமரிப்புப் புத்தகங்கள், இரண்டு சாவிகள். தோல் பைகளைத் தனியே விற்றுவிட்ட கார்கள் நிறைய. காரின் உள்தோலோடு நிறம் பொருந்தும் பைகளைப் பிறகு தேடிப் பிடிப்பது பெரும்பாடு. ஒன்று குறைந்தாலும் விலையில் கழித்துக் கேளுங்கள்.

மிகக் குறைவாக ஓடிய காரையே தேடலாமா?

காட்சிக்கு வைக்கப் போகிறீர்கள் என்றால் சரி. ஓட்டப் போகிறீர்கள் என்றால் ஆண்டுதோறும் எண்ணெய் மாற்றி, 15,000 முதல் 30,000 கி.மீ. ஓடி, சஸ்பென்ஷன் வேலை முடிந்து, புது டயர் போட்ட காரைத்தான் நாங்கள் பரிந்துரைப்போம். நின்றே கிடந்த காரில் சீல்கள் காயும், எரிபொருள் குழாய்கள் இறுகும், பேட்டரி செத்துப் பலமுறை மாறியிருக்கும். மைல் கணக்கு குறைவு என்பதற்காகக் கொடுக்கும் கூடுதல் பணம் முதல் நூறு கி.மீ. ஓட்டியதுமே கரையத் தொடங்கிவிடும்.